நேபாளத்தில் இருக்கும் நம் பிள்ளைக்கு உதவுவது எப்படி?

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேனாக இருந்தவரின் நேபாளக் குடும்பம் பல வருடம் எங்களோடு ஒன்றாகப் பழகியது. அவர்கள் மகள் கோவையிலேயே பிறந்தவள், என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். பாட்டிக்கு முடியாமல் போனதால் போன வருடம் எல்லோரும் அச்சாம் மாவட்டத்துச் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். அவளுக்கு இப்போது 13 வயது. என் பென்ஷனிலிருந்து அவளைத் தனியார் பள்ளியில் படிக்கவைக்கவும், அவர்கள் வீடு கட்டவும் உதவ ஆசை. “ரத்த உறவா என்ன, ஏமாந்துவிடுவீர்கள்” என்கிறான் மகன். எப்படி அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

பதில்: அத்தை என்று கூப்பிட்டு உங்கள் கண் முன்னால் வளர்ந்தவள் உங்கள் பிள்ளைதான், அம்மா. அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் முன்னால் அவள் அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள்: “கடன் எவ்வளவு இருக்கிறது?”

பாட்டியின் வைத்தியம், ஊர் திரும்பிய செலவு என்று எப்படியும் கொஞ்சம் கடன் இருக்கும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நூற்றுக்கு மாதம் இரண்டு, மூன்று ரூபாய் வட்டி என்பது சகஜம். 50,000 நேபாள ரூபாய் கடன் என்றால் மூன்று வட்டிக்கு மாதம் 1,500 போய்விடும். நீங்கள் மாதாமாதம் அனுப்புவதில் ஒரு நல்ல பங்கு வட்டிக்காரரிடம் போய்ச் சேரும், பிள்ளைக்குச் சேராது. அந்தக் கடனின் அசல் நம் பணத்தில் 31,250 ரூபாய்தான். முடிந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அடைத்த அன்றே கடன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிடச் சொல்லுங்கள். அங்கே அதற்குத் தமசுக் என்று பெயர். பணத்தைக் கட்டிய பிறகும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு மிரட்டுவது நேபாளத்தில் பெரிய பிரச்சினையாகி, பாதிக்கப்பட்டவர்கள் காத்மாண்டுவரை நடந்தே போய்ப் போராடினார்கள். 2023-இல் அந்தக் கொடுமையைக் குற்றமாக்கிச் சட்டமே வந்தது.

அனுப்பும் வழி சுலபம். இந்திய வங்கியிலிருந்து நேபாளத்துக்கு நெஃப்ட் மூலம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் இந்தோ-நேபாளப் பணப் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. 2021 முதல் ஒரு தடவைக்கு 2 லட்சம் ரூபாய்வரை அனுப்பலாம். உங்கள் வங்கிக் கிளையில் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத கணக்கு. அதனால் நீங்கள் 10,000 அனுப்பினால் கட்டணம் போக 16,000-க்குப் பக்கத்தில் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். குறைந்தால் நடுவில் யாரோ எடுக்கிறார்கள். கணக்கு அவள் அம்மாவின் பெயரில், வணிக வங்கியில் இருக்கட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி அதிகம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே பல சங்கங்கள் நொடித்துப்போய், சேமித்தவர்கள் தங்கள் பணத்துக்காகத் தெருவில் நிற்கிறார்கள்.

வரி விஷயமும் ஒன்று இருக்கிறது. வருமானவரிச் சட்டத்தின் ‘உறவினர்’ பட்டியலில் மனதால் உறவானவர்களுக்கு இடமில்லை. வெளிநாட்டில் இருக்கும் அப்படி ஒருவருக்கு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், அது வாங்குபவர் இங்கே ஈட்டிய வருமானமாகக் கணக்கில் வரலாம். கடன், வீடு என்று பெரிய தொகை அனுப்பும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு? உங்கள் மருந்துச் செலவைத் தொடாமல், ஐந்து வருடம் நிற்காமல் அனுப்ப முடிகிற தொகை எதுவோ அது. மூவாயிரம் என்றால் மூவாயிரம். மாதம் தவறாமல் வரும் என்று தெரிந்தால் அவர்கள் அதை நம்பித் திட்டம் போடுவார்கள். ஒரு மாதம் இருபதாயிரம், அடுத்த நான்கு மாதம் ஒன்றுமில்லை என்றால் மறுபடி வட்டிக்குத்தான் போவார்கள். செலவுக்குப் பில் கேட்காதீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் தசாய் வரும். நம் தீபாவளிபோல் துணிமணி, விருந்து என்று கை கடிக்கும் நேரம். அப்போது மட்டும் கொஞ்சம் கூட்டி அனுப்புங்கள். இதையெல்லாம் எழுதி மகனிடம் காட்டுங்கள். அவர் பயம் உங்களைப் பற்றியது. தொகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்று தெரிந்தால் பாதி அடங்கிவிடும்.

பள்ளி விஷயத்தில் அவசரம் வேண்டாம். கோவையில் படித்த பிள்ளைக்கு வீட்டில் நேபாளி பேச வரும், எழுத வருமா? அங்கே அது கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.இ.இ. தேர்விலும் உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தைவிட இப்போது நேபாளி டியூஷன்தான் அவளுக்கு உதவும்.

அப்புறம், பணத்தைவிடப் பெரிய உதவி உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கோவை மாநகராட்சியில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளியில் டி.சி., மதிப்பெண் விவரம். இவற்றை வாங்கி அனுப்பினால் ஊர் வார்டு அலுவலகத்தில் அவள் பிறப்பைப் பதிய வழி கிடைக்கும். 16 வயதில் குடியுரிமைச் சான்று வாங்க அந்தக் காகிதங்கள்தான் துணை. அது இல்லாமல் அங்கே பெரியவளான பிறகு வங்கிக் கணக்குக்குக்கூட அலைய வேண்டும்.

கடைசியாக வீடு. அச்சாமில் சௌபடி என்று ஒரு வழக்கம் உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே சின்னக் குடிசையில் படுக்கவைப்பார்கள். குளிராலும் புகையாலும் பாம்பு கடித்தும் பெண்கள் செத்திருக்கிறார்கள். 2018 முதல் அப்படிக் கட்டாயப்படுத்தினால் மூன்று மாதம் சிறை அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் வழக்கம் ஒழியவில்லை. உங்கள் பிள்ளைக்கு 13 வயது. “வெளியே படுக்கவைத்தால் பணம் கிடையாது” என்று மிரட்டாதீர்கள். ஊர் வாய்க்கும் உங்களுக்கும் நடுவில் அவள் அம்மாதான் மாட்டிக்கொள்வாள். வீட்டுப் பேச்சு எடுக்கும்போது, “பிள்ளைக்கு உள்ளேயே கதவு வைத்த ஒரு சின்ன அறையும், பக்கத்தில் கழிப்பறையும் வேண்டும், அதற்கு நான் தருகிறேன்” என்று சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைக்கு அறை என்றால் ஊரிலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மழை நின்று தசாய் முடிந்த பிறகுதான் அங்கே கட்டட வேலை வசதிப்படும். அதற்குள் அவள் அம்மாவிடம் தனியாக ஒருமுறை பேசிவிடுங்கள்.