துருக்கிய வேற்றுமை உருபுகள்: அட்டவணை தெரிந்தும் ஏன் தடுமாற்றம்?

கேள்வி: துருக்கிய மொழி கற்கிறேன். உருபுகள் மனப்பாடம். ஆனால் 'எவ்' (வீடு) என்பது 'எவ்தெ', 'எவின்தெ' என்று மாறும்போதும், 'கித்தாப்' (புத்தகம்) சில இடங்களில் உருபின்றி வரும்போதும் குழம்புகிறேன். என்ன வழி?

பதில்: அட்டவணையை ஒதுக்கிவைத்து, ஒட்டுகள் நிற்கும் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சொல், பிறகு பன்மை, பிறகு உடைமை, கடைசியில் வேற்றுமை. 'எவ்-லெர்-இமிஸ்-தென்' என்றால் 'எங்கள் வீடுகளிலிருந்து'. ஒட்டின் உயிரெழுத்து, அதற்கு முன்னுள்ள உயிருக்கு இசைய மாறும். அதனால்தான் 'எவ்-தெ' (வீட்டில்) என்பதற்கு எதிராக 'ஒக்குல்-த' (பள்ளியில்) என்று வருகிறது.

'எவின்தெ' என்பதை 'எவ்-இன்-தெ' என்று பிரித்தால் 'உன் வீட்டில்'. 'எவ்-இ-ன்-தெ' என்று பிரித்தால் 'அவர் வீட்டில்'. படர்க்கை உடைமை ஒட்டை அடுத்து வேற்றுமை உருபு வரும்போது இடையில் ஒரு 'ன்' தோன்றும். 'மரத்தை' என்பதில் 'அத்து' வருவதுபோல இதையும் ஒரு சாரியையாகக் கொள்ளலாம். இரண்டில் எது என்பதை, முன்னால் நிற்கும் 'செனின்' (உன்), 'ஒனுன்' (அவருடைய) என்னும் சொற்களோ சூழலோ காட்டிவிடும்.

இரண்டாம் வேற்றுமையில் தமிழ் உங்களுக்குப் பாதி வழி கைகொடுக்கும். 'கித்தாப் ஒக்குதும்' என்பது 'புத்தகம் படித்தேன்'; 'கித்தாபு ஒக்குதும்' என்பது, குறிப்பிட்ட அந்தப் 'புத்தகத்தைப் படித்தேன்'. அந்த ஈற்றொலி நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது என்பதால் உச்சரிப்பும் எளிது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நாம் 'ஒரு மனிதனைப் பார்த்தேன்' என்று உயர்திணைக்கு 'ஐ' சேர்த்தே ஆகவேண்டும், துருக்கியத்திலோ திணை பொருட்டல்ல, ஆள் இன்னார் என்று குறிப்பிடப்படாதவரை 'பிர் அதம்' (ஒரு மனிதன்) உருபு ஏற்காமலே செயப்படுபொருளாக நிற்கும்.

தமிழர்கள் உண்மையில் அதிகம் சறுக்குவது வினைகளிடம்தான் என்பது என் கருத்து. நாம் ரயிலில் ஏறுகிறோம். அவர்கள் ரயிலுக்கு ஏறுகிறார்கள் ('த்ரெனெ'). நாம் பூனைக்குப் பயப்படுகிறோம். அவர்கள் பூனையிலிருந்து பயப்படுகிறார்கள் ('கெதிதென்'). நாம் அலியிடம் கேள்வி கேட்பதை அவர்கள் அலிக்குக் கேட்பார்கள் ('அலியெ'). ஆகவே குறிப்பேட்டில் வினையைத் தனியே எழுதாமல், அது வேண்டும் உருபையும் ஒரு சிறு வாக்கியத்தையும் அருகிலேயே எழுதிப் படியுங்கள்.