எங்கள் நாய் முதுமையில் தளர்ந்து வருகிறது; அதன் பிரிவை எப்படித் தாங்குவது?

பதின்மூன்று வயதான உங்கள் நாய் சில மாதங்களாகத் தளர்ந்து வருவதாகவும், இரவில் அது மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உயிரோடு இருக்கும்போதே அழுகை வருகிறதே, இது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி ஒன்றரை ஆண்டுக் காலம் எழுந்து பார்த்திருக்கிறேன். பொம்மி என்ற எங்கள் கலப்பின நாய், பதினான்கரை வயதில், மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தாள். அவளை ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பதில் முடியும்வரை இலக்கணம் சற்றுப் பொறுத்துக்கொள்ளட்டும்.

அழுகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இழப்பு நேர்வதற்கு முன்பே தொடங்கிவிடும் துயரத்தை எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் 1944ஆம் ஆண்டிலேயே தம் கட்டுரையில் ‘முன்துயரம்’ (anticipatory grief) என்று குறிப்பிட்டிருக்கிறார். எனவே உங்களுக்கு நேர்வது பெயரும் வரலாறும் உள்ள ஒன்று. முன்பே அழுதுவிட்டால் பின்னால் துயரம் குறையும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். என் அனுபவத்தில் அந்தக் கணக்கு பொய்த்தது.

இரவில் எழுந்து பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், எப்படியும் எழுவீர்கள். எழுந்த நேரத்தில் ஒரு வேலை செய்யலாம். நாய் அயர்ந்து உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். உறங்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 30க்குக் குறைவாக இருப்பது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். வெறுமனே அஞ்சிக்கொண்டு இருட்டில் நிற்பதைவிட ஓர் எண்ணோடு படுக்கைக்குத் திரும்புவது எனக்கு எளிதாக இருந்தது.

இனி நான் செய்த பெரிய தவறு. பன்னிரண்டாம் வயதில் பொம்மி மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். வயதாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானத்தால் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அவள் வலியோடு இருந்தாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் போயிருந்தபோது, அவர் அவளுடைய இடுப்பை மெல்ல அழுத்தினார். அவள் முனகவில்லை, தலையைத் திருப்பி அவர் கையை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். மூட்டுத் தேய்மானம் வெகுவாக முற்றியிருந்தது. நாட்பட்ட வலியை நாய்கள் பெரும்பாலும் குரலால் காட்டுவதில்லை. எழும்போது தயங்குவது, ஒரு காலை மற்றொன்றைவிட இலேசாக ஊன்றுவது, மூட்டின் மேல் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, தொடும்போது விலகுவது, வழக்கமாகப் படுக்கும் உயரமான இடத்தைக் கைவிடுவது ஆகியவைதான் அவற்றின் மொழி. நாய்க்குரிய வலி மருந்தும், உடல் எடையில் சிறு குறைப்பும், வழுக்கும் தரையெங்கும் விரித்த ரப்பர் விரிப்புகளும் சேர்ந்து, மூன்றே வாரங்களில் பொம்மியை மீண்டும் பாதி மாடிவரை ஏற்றின. எனவே ‘வயதாகிவிட்டது’ என்பதை ஒரு நோயின் பெயராக ஏற்றுக்கொள்ளாதீர்கள். தளர்ச்சியில் எவ்வளவு முதுமை, எவ்வளவு வலி என்பதைப் பிரித்தறிவதே உங்கள் முதல் வேலை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். இபுபுரூபன் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே வாங்கக்கூடியவை.

கண்ணில் தெரியும் நீலநிற மங்கல் பெரும்பாலும் அச்சப்படத் தக்கதன்று. கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) முதிர்வதால் வருவது, பார்வையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கண்புரை வேறு. இரண்டையும் மருத்துவர் எளிதில் பிரித்துச் சொல்லிவிடுவார். காது மந்தமானால் தரையைக் காலால் தட்டி அழையுங்கள், அதிர்வு போய்ச் சேரும். தண்ணீர் குடிப்பது கூடினால் அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்ந்து காட்டும் என்பதால், அந்தத் தண்ணீர்க் கிண்ணம் பல நேரம் ஆய்வுக்கூடத்தை முந்திக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் பொம்மி எழ முயன்று ஒரு பக்கமாகச் சரிந்தாள். தலை இடப்புறம் சாய்ந்திருந்தது; கருவிழிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன; வாந்தி எடுத்தாள். பக்கவாதம், இத்தோடு முடிந்தது என்று நாங்கள் விடைகொடுக்கவே ஆயத்தமாகிவிட்டோம். மருத்துவர் அவளை நெடுநேரம் சோதித்துவிட்டு, முதிய நாய்களுக்கு உட்செவியின் சமநிலை உறுப்பில் திடீரென வரும் கோளாறாக இது இருக்கலாம் என்றும், பார்ப்பதற்குக் கொடூரமாக இருந்தாலும் பல நாய்கள் இரண்டு மூன்று நாள்களில் தேறத் தொடங்கிவிடும் என்றும் சொன்னார். வாந்திக்கு மருந்து கொடுத்து, தலையணைகளுக்கு நடுவே கிடத்தி, கையால் நீர் புகட்டினோம். மூன்றாம் நாள் நின்றாள். பதினைந்து நாள்களில் தலைச்சாய்வு மட்டும் எஞ்சியது. அதன் பிறகு அவள் பதினோரு மாதங்கள் வாழ்ந்தாள். திடீரென நேரும் ஒரு சரிவைக் கண்டு, அன்றைய பீதியிலேயே இறுதி முடிவை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். ஆனால் ஈறு வெளிறிப்போவது, வயிறு திடீரென உப்புவது, மூச்சுத் திணறுவது ஆகிய மூன்றும் அப்படிக் காத்திருக்கக் கூடியவை அல்ல.

அந்தப் பதினோரு மாதங்களில் கடைசி ஐந்து மாதங்கள் கடினமானவை. மனிதர்களின் மறதி நோயை ஒத்த ஒன்று முதிய நாய்களுக்கும் வருகிறது. அவற்றின் மூளையிலும் அமிலாய்டு புரதம் படிவதைக் கண்டிருக்கிறார்கள். பொம்மி கதவின் கீல் பக்கத்தில் நின்றுகொண்டு கதவு திறக்கக் காத்திருப்பாள். பகலெல்லாம் உறங்கி, இரவு இரண்டு மணிக்கு வீடெங்கும் நடப்பாள். வீட்டுக்குள் ஒருநாளும் சிறுநீர் கழித்தறியாதவள், என் கண்ணெதிரே கழித்துவிட்டு, யாரோ செய்ததைப் போல விலகிப் போவாள். இரவு முழுதும் சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டோம். நாற்காலி மேசைகளை இடம் மாற்றாமல் வைத்தோம். மாலையில் மெதுவான நடையை ஒரு நாளும் தவறவிடவில்லை. இவை நோயை நிறுத்தவில்லை, அவளுடைய கலக்கத்தைத் தணித்தன. தூக்கமின்மையால் நான் ஒருமுறை அவளை அதட்டினேன். அவள் என்னை அடையாளம் காணாமல் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து இரவுகளை அம்மாவும் நானும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டோம். பராமரிப்பவர் உறங்குவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். இதைச் செய்ய வெட்கப்படாதீர்கள்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காமல் சுற்றி வந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். எப்போது போதும் என்று எப்படித் தெரியும்? ‘நேரம் வந்தால் நாயே உங்களுக்குச் சொல்லும்’ என்று பலர் சொல்வார்கள். எட்டு மாத வலியை என்னிடம் சொல்லாத பொம்மி இதை மட்டும் சொல்வாள் என்று நான் நம்பவில்லை. நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்குச் சரிவு தெரிவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளையும் அதற்கு முந்தைய நாளோடுதான் ஒப்பிடுகிறோம். ஆகவே எழுதி வைக்க வேண்டும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவது அதன் முறை; வலி உட்பட எதற்கும் 10 என்பதே மிக நல்ல நிலை. கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் வாழ்வு ஏற்கத்தக்க நிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். வாரம் ஒருமுறை இதைச் செய்தோம். அதோடு, அம்மாவும் நானும் தனித்தனிக் குறிப்பேடுகளில், ஒருவரை ஒருவர் பாராமல், நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் இட்டு வந்தோம்.

ஒரு மாதத்தில் என் பெருக்கல் குறிகள் பத்தொன்பதை எட்டியபோது, நான் மருத்துவரை அழைத்தேன். தமிழில் இதற்குக் கருணைக்கொலை என்று பெயர். அந்தச் சொல்லின் முற்பாதியைப் பிறருக்குச் சொல்லிவிட்டு, பிற்பாதியை நாமே வைத்துக்கொள்கிறோம். தூங்க வைப்பது என்று மருத்துவமனையில் சொல்வார்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள். பிறகு அவர்கள் உறங்க அஞ்சுவார்கள். இறந்துவிட்டது என்றே சொல்லலாம், அவர்கள் தாங்குவார்கள்.

அந்த நாளில் என்ன நடக்கும் என்று முன்னமே தெரிந்திருந்தால் அச்சம் பாதியாகும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் ஒரு மயக்க ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில் நாய் ஆழ்ந்து உறங்கிவிடும். பிறகு பெரும்பாலும் முன்காலின் இரத்தக்குழாய் வழியாக, பென்டோபார்பிடல் போன்ற மருந்தை மிகை அளவில் செலுத்துவார்கள். நினைவு முதலில் அறும், அடுத்து மூச்சு, அடுத்து இதயம். வழக்கமாக ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். கண்கள் மூடாமல் திறந்தே இருக்கும். சிறுநீர் வெளியேறலாம். இறந்த பிறகும் தசை துடிக்கலாம், மூச்சைப் போன்ற ஓர் இழுப்பு வரலாம். அது உயிர் திரும்புவதும் அன்று, வேதனையும் அன்று. இதை எனக்கு முன்பே சொல்லியிருந்ததால்தான் அந்தக் கடைசி இழுப்பின்போது நான் கையை எடுக்காமல் இருந்தேன். உடலை என்ன செய்வது, கட்டணத்தை எப்போது கொடுப்பது என்பவற்றை முதல் நாளே முடித்துவிடுங்கள். அழுதுகொண்டே கையொப்பம் இடுவது போன்ற அவலம் வேறில்லை. உடன் இருக்க முடியாது என்று தோன்றினால் அதையும் யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் என்னைக் கேட்டால், முடிந்தவரை இருங்கள் என்பேன். உறங்கும்வரை உங்கள் வாசனை அதற்குத் தெரியும்.

பிறகு வருவது வீட்டின் அமைதி. விரிப்புகளை நான்கு மாதம் நான் சுருட்டவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். 2022ஆம் ஆண்டு வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் 426 பேரைக் கேட்டபோது, துணை நாய் இறந்தபின் மற்ற நாயின் நடத்தையில் மாற்றம் கண்டதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். குறைவாக உண்பதும் கூடுதலாக உறங்குவதும் அவற்றுள் அடங்கும்.

நாய்தானே, இன்னொன்று வாங்கிக்கொள் என்று சொல்பவர்கள் வருவார்கள். துக்கப்படும் உரிமையைச் சமூகம் ஏற்காத துயரத்தைக் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் விளக்கினார். வளர்ப்பு விலங்குக்கான துயரம் அந்த வகையைச் சேர்ந்ததே. விடுப்புக் கேட்கவும் முடியாது, ஆறுதல் சொல்ல வருபவர்களும் இல்லை. இன்னொன்று வாங்கிக்கொள் என்பவர்களோடு வாதிடாதீர்கள், நாயை இழந்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். ஜெர்மனியில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையான ஒரு புதைகுழி கிடைத்தது. அதில் ஓர் ஆணோடும் பெண்ணோடும் புதைக்கப்பட்டிருந்த நாய்க்குட்டி, கொடிய நோயால் பலமுறை தாக்குண்டு, யாரோ பேணியதால் வாரக்கணக்கில் பிழைத்திருந்ததைப் பற்களை ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள். வேட்டைக்குப் பயன்படாத ஒரு நோயாளிக் குட்டிக்கு யாரோ அன்று நீர் புகட்டியிருக்கிறார்கள்.

குற்றவுணர்வு இரு பக்கமிருந்தும் வரும். அவசரப்பட்டுவிட்டேனோ என்று முதல் மாதம் வாட்டியது. குறிப்பேட்டைத் திறந்து பத்தொன்பது பெருக்கல் குறிகளையும் எண்ணிப் பார்த்தபின் அது அடங்கியது. ஆனால் இரண்டாம் மாதத்தில் அம்மாவின் குறிப்பேட்டையும் எடுத்துப் பார்த்தேன். நான் வட்டம் இட்டிருந்த பல நாள்களில் அவர் பெருக்கல் இட்டிருந்தார். என் கணக்கு முடிவுக்கு வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அவர் கணக்கு முடிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ ஆயத்தமாகும்வரை அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள், நானும் பொறுத்துக்கொண்டேன் என்றார். எனவே உங்கள் வீட்டில் குறிப்பேடுகளைத் தொடங்கினால், நாங்கள் செய்ததைப் போல் இறுதிவரை தனித்தனியாக வைத்திருக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையேனும் ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்த்துவிடுங்கள்.