ஏரித் தண்ணீரில் பச்சை ஏடு: பாசியைப் பார்த்தே தண்ணீரின் தரத்தைச் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் நிலத்துக்கும் மாடுகளுக்கும் ஏரித் தண்ணீர்தான். வெயில் ஏறியதிலிருந்து தண்ணீர் பச்சையாகி, காலையில் கரையோரம் ஏடு கட்டி நிற்கிறது. சொட்டுநீர்க் குழாயும் அடிக்கடி அடைக்கிறது. பாசியை வைத்தே தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? மாடுகளுக்கு இந்தத் தண்ணீரைக் காட்டலாமா?

பதில்: மாடுகளை இன்றைக்கே அந்தக் கரையிலிருந்து விலக்கிவிடுங்கள். அது என்ன பாசி என்று தெரியும்வரை கிணற்றுத் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படி ஏடு கட்டிய தண்ணீரைக் குடித்து ஆடு, குதிரை, பன்றி, நாய் எல்லாம் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-லேயே எழுதிவைத்திருக்கிறார். பச்சை எண்ணெய்ப் பெயின்ட் போல ஏடு கிடந்தது என்பது அவர் சொன்ன அடையாளம். இன்றைக்கும் நாம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பாசியைப் பார்த்துத் தண்ணீரின் தரத்தை ஓரளவு சொல்லலாம் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு பாசி என்பதைவிட எந்தப் பாசி என்பதே முக்கியம். ஒரு குச்சியால் ஏட்டைக் கிளறித் தூக்குங்கள். தலைமுடி போல இழை இழையாகக் குச்சியில் தொங்கினால் அது இழைப்பாசி. பெரும்பாலும் நஞ்சில்லை, குழாயை அடைக்கும், அவ்வளவுதான். இழையாக வராமல் பெயின்டில் தோய்த்தது போலக் குச்சியில் பூசிக்கொண்டால், நஞ்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்படுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, குலுக்காமல் ஓர் இரவு வைத்தும் பார்க்கலாம். மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகளின் செல்லுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் அவை மேலே வந்து வளையம் கட்டும். மற்ற பாசிகள் பெரும்பாலும் அடியில் படியும். மிதக்காத நச்சுப் பாசிகளும் உண்டு என்பதால், ஜாடியில் வளையம் இல்லை என்று மாட்டை அவிழ்த்துவிட வேண்டாம்.

இந்த ஏடு சொல்லும் முதல் செய்தி, ஏரிக்குள் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, மிஞ்சிப் போயிருக்கிறது என்பது. உரம் கரைந்த வடிநீர், சாணக்குழிக் கசிவு, வீட்டுச் சாக்கடை என எதுவும் காரணமாக இருக்கலாம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தாலும் அனபீனாவுக்குக் கவலையில்லை, காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் யூரியாவை மட்டும் குறைத்தால் ஏரி தெளிந்துவிடாது. மணிச்சத்து உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டும்.

கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கி வேண்டும். பால்மர் என்ற அறிஞர் 1969-இல் கழிவைத் தாங்கும் 20 பாசி இனங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்தார். யூக்ளினாவுக்கும் ஆசிலட்டோரியாவுக்கும் 5, கிளாமிடோமோனாஸுக்கும் சீனிடெஸ்மஸுக்கும் 4. மாதிரியில் தென்படும் இனங்களின் மதிப்பெண்ணைக் கூட்டினால் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கழிவு அதிகம். 15 முதல் 19 வரை என்றால் கழிவு இருக்க வாய்ப்பு உண்டு. கல்லில் வழுவழுப்பாகப் படியும் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசியை வைத்துக் கணிப்பது எனக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். மிதக்கும் பாசி காற்றோடு இடம் மாறிவிடும். கல்லில் ஒட்டியது அங்கேயே இருப்பதால், கடந்த சில வாரங்களில் அந்த இடத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்டும்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும்போது ஏட்டை மட்டும் அள்ளாதீர்கள். காற்று ஏட்டை ஒரே கரையில் ஒதுக்கியிருக்கும். எதிர்க்கரை, மதகு, நடு ஏரி என்று தனித்தனிப் பாட்டிலில் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். நஞ்சுப் பரிசோதனையையும் தனியாகக் கேளுங்கள். ஒரே இனத்தில் நஞ்சு சுரப்பதும் சுரக்காததும் உண்டு, நுண்ணோக்கியில் அது தெரியாது. உப்பு, கன உலோகம், பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றுக்கும் பாசி உறுதியான பதில் சொல்லாது. அவற்றுக்கு வேதிப் பரிசோதனைதான்.

பாசனத்துக்கு, ஏடு ஒதுங்கிய கரையை விட்டுத் தள்ளி, மேல்மட்டத்துக்குக் கீழிருந்து தண்ணீர் எடுங்கள். சொட்டுநீருக்கு மணல் வடிகட்டி அவசியம். கீரை, காய்கறி இலைமேல் தெளிப்பானில் அடிக்க வேண்டாம். ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன்: பாசியைக் கொல்ல யாராவது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொன்னால் போடாதீர்கள். பாசி செத்து உடையும்போது உள்ளிருக்கும் நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. ஏற்கெனவே இந்தத் தண்ணீரைக் குடித்த மாடு தீவனம் எடுக்காமல் சோர்ந்தாலோ, நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, அந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, பச்சைத் தண்ணீர் குடித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.