வாசகர் கேள்வி – பதில்: கலிஃபோர்னியாவின் பள்ளி வாரியங்களும் பட்ஜெட்டும்

கேள்வி: எங்கள் பள்ளி மாவட்டத்தில் நூலகர் பணியிடங்களைக் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜூன் மாத வாரியக் கூட்டத்தில் பெற்றோர் பலர் பேசினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் எதையும் மாற்றாமல் பட்ஜெட்டை நிறைவேற்றிவிட்டார்கள். கருத்துக் கேட்பு வெறும் சடங்குதானா?
– வாசகி, சான் ஹோசே

பதில்: சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது, ஆனால் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டங்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குள் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும். ஒரு கூட்டத்தில் மக்கள் கருத்தைக் கேட்டு, வேறொரு நாள் கூட்டத்தில்தான் வாக்கெடுக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் செலவில் பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும்தான். ஆசிரியர் சான்றிதழ் பெற்ற ஒருவரைப் பணிக்குறைப்புக் காரணமாக அடுத்த கல்வியாண்டில் நிறுத்த வேண்டுமானால் மார்ச் 15-க்குள் முன்னறிவிப்பும், மே 15-க்குள் இறுதி அறிவிப்பும் கொடுக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற பள்ளி நூலகர்களும் இதில் அடக்கம். ஆகவே எந்தப் பணியிடம் போகிறது என்ற தீர்மானம் மார்ச் நடுவுக்கு முன்பே நிறைவேறியிருக்கும். ஜூனில் நடப்பது அந்த முடிவைக் கணக்கில் எழுதும் வேலை.

நீங்கள் போக வேண்டிய கூட்டம் டிசம்பரில் நடப்பது. அக்டோபர் 31 வரையிலான நிலவரத்தை முதல் இடைக்கால அறிக்கையாக வாரியம் அப்போது ஏற்கிறது; ஜனவரி 31 வரையிலான இரண்டாவது அறிக்கை மார்ச்சில் வரும். நடப்பு ஆண்டுக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் மாவட்டத்தால் தன் கடமைகளைச் சமாளிக்க முடியும், முடியாமல் போகலாம், முடியாது என்ற மூன்றில் ஒன்றை வாரியமே சான்றளிக்க வேண்டும். அந்த அறிக்கையில் மூன்றாம் ஆண்டுக்கான நெடுவரிசையை மட்டும் பார்த்தால்கூடப் போதும். 1,001 முதல் 30,000 மாணவர் வரையுள்ள மாவட்டம் செலவில் 3 சதவீதத்தைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலத்தின் அளவுகோல். மூன்றாம் ஆண்டில் அந்தக் கையிருப்பு தேய்ந்துகொண்டே போனால், அடுத்து கத்தி விழப்போவது நூலகர் மீதோ ஆலோசகர் மீதோதான். கோவிட் காலத்து ஒருமுறை நிதியை வைத்து நிரந்தரப் பணியாளர்களை நியமித்த மாவட்டங்கள், அந்தப் பணம் தீர்ந்ததும் இதில்தான் மாட்டிக்கொண்டன.

இந்தக் கண்காணிப்பு 1991-இல் வந்த ஒரு சட்டத்தால் உறுதியானது. ஒவ்வொரு மாவட்டத்தின் பட்ஜெட்டையும் கவுண்டி கல்விக் கண்காணிப்பாளர் பரிசீலித்து ஒப்புதல் தரவோ மறுக்கவோ செய்கிறார். அதையும் மீறிக் கைமீறிப்போன உதாரணம் ஓக்லண்ட். 2003-இல் மாநில அரசு 10 கோடி டாலர் வரை கடன் அனுமதித்து, நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்துக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே மிஞ்சியது.

கேள்வி: ஒரு வாரிய உறுப்பினர் எங்களுக்குப் பழக்கமானவர். பள்ளி முதல்வரைப் பற்றிப் புகார் சொன்னால், "நான் தலையிட முடியாது" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?
– வாசகர், ஃப்ரீமாண்ட்

பதில்: இல்லை, முறையாகத்தான் நடந்துகொள்கிறார். தனி உறுப்பினருக்கு அதிகாரம் கிடையாது. பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட வாரியம் கூட்டமாக அமர்ந்து வாக்களிக்கும்போதுதான் அதிகாரம். கொள்கை வகுப்பது, பட்ஜெட்டை ஏற்பது, மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்டை நியமித்து மதிப்பிடுவது ஆகியவை வாரியத்தின் வேலை. பள்ளிகளை அன்றாடம் நடத்துவது சூப்பரின்டெண்டென்டின் பொறுப்பு. 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் வாரிய விஷயத்தைக் கூட்டத்துக்கு வெளியே பேசி முடிவெடுக்கக் கூடாது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். அந்த நிரலில் ‘கன்சென்ட்’ என்ற தலைப்பின் கீழ் வரும் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒப்பந்தங்களும் கொள்முதல்களும் விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறுவது அங்கேதான். அதில் ஏதேனும் ஒரு விஷயத்தைத் தனியே எடுத்து விவாதிக்கும்படி உங்கள் நண்பரைக் கேட்கலாம். அது அவரால் முடியும்.

கேள்வி: வீட்டு விலை ஏறுகிறது, சொத்து வரியும் கட்டுகிறோம். பிறகு ஏன் பள்ளிகளில் எப்போதும் பற்றாக்குறைப் பாட்டு?
– வாசகர், சான் ரமோன்

பதில்: ஏனென்றால் பெரும்பாலான மாவட்டங்களில் சொத்து வரி உயர்ந்தால் மாநில அரசின் பங்கு அதே அளவுக்குக் குறையும்; மொத்தம் மாறாது. 2013-இல் வந்த மாநிலப் பள்ளி நிதிச் சூத்திரப்படி, மாணவர்களின் தினசரிச் சராசரி வருகையை ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகையால் பெருக்கித்தான் ஒரு மாவட்டத்துக்கு உரிய தொகை கணக்கிடப்படுகிறது. ஆங்கிலம் கற்கும் நிலையிலுள்ள குழந்தைகள், வறிய குடும்பத்துக் குழந்தைகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர் ஆகியோருக்கு அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதல் உண்டு. இவர்களின் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் கூடும். வசதியான ஊர்களில் இந்தக் கூடுதல் சொற்பமே. சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும் பாலோ ஆல்டோ போன்ற சில மாவட்டங்கள் மட்டும் மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

வருகை என்றால் குழந்தை உண்மையிலேயே வந்த நாள். காய்ச்சலில் எடுத்த விடுப்புக்கும் பணம் கிடையாது. டிசம்பர் விடுமுறையோடு மேலும் இரண்டு வாரம் சேர்த்துக்கொண்டு சென்னைக்குப் போய்வரும் நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முன்கூட்டியே பள்ளியில் சொல்லி, தனிப்பயில்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கொடுத்த பாடங்களை முடித்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் சேர வழி உண்டு. இதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்கச் சிலர் ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

கேள்வி: கோடிக்கணக்கில் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தோமே, அதிலிருந்து ஆசிரியர் சம்பளம் தரலாகாதா?
– வாசகி, டப்ளின்

பதில்: தரக் கூடாது. 2000-ஆம் ஆண்டில் மாநில வாக்காளர்கள் ஏற்ற 39-ஆம் முன்மொழிவு, 55 சதவீத வாக்கில் கடன் பத்திரத்தை நிறைவேற்ற இடம் கொடுத்தது. அதற்கு ஈடாக, கட்டடம், சாதனங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே அந்தப் பணம் என்று கட்டிப்போட்டது. செலவைக் கவனிக்கக் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் குழு வேண்டும். அதில் பெற்றோருக்கும் இடம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் இடம் காலியானால் விண்ணப்பியுங்கள்.