கேள்வி – பதில்: பச்சைச் சாயம் காய்ச்சும்போது

கேள்வி: நானும் உம்மாவும் வீட்டில் பன்பாய் (பன் புல்லில் இழைக்கிற பாய்) இழைத்து விற்கிறோம். பச்சைச் சாயத்தைக் கடையில் சின்னப் பொலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள், பெயர் ஒன்றும் இருக்காது. காய்ச்சுகிற அன்று கண் எரிகிறது, மூக்குச் சிந்தினால் பச்சையாக வருகிறது. எனக்கு இப்போது ஐந்து மாதம். பயப்பட வேண்டுமா?
– வாசகி, அட்டாளைச்சேனை

பதில்: தங்கச்சி, குழந்தை பிறக்கும்வரை சாயம் காய்ச்சுகிற வேலைக்குப் போகவே வேண்டாம். அடுத்த கிளினிக்கில் இந்தக் கண் எரிச்சலையும் மூக்கில் வருவதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பன், ஓலை, சணல் போன்றவற்றில் சட்டென்று பிடிக்கிற பளிச்சென்ற பச்சை பெரும்பாலும் மலக்கைட் கிரீன் என்கிற சாயம். 1877இல் ஓட்டோ ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் உண்டாக்கியது. தூள் கண்ணில் பட்டால் கண்ணைக் கடுமையாகப் பழுதாக்கும், விழுங்கினால் நஞ்சு. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் தீங்கு செய்யலாம் என்ற சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அப்படிக் கண்டிப்பாகச் சொன்னேன்.

உம்மா எப்படிக் காய்ச்சுகிறார் என்று ஊகிக்க முடிகிறது. கொதிக்கிற சட்டிக்கு மேலே பையைக் கிழித்துத் தூவுவார். அப்போதுதான் தூள் ஆவியோடு மேலெழும்பி முகத்துக்கு வருகிறது. மூக்கில் கண்ட பச்சை அதுதான். இனித் தூவ வேண்டாம் என்று சொல்லுங்கள். தூளைப் பறக்கவைக்கும்படி காற்று வீசாத இடத்தில் ஒரு பழைய பேணியில் தூளைப் போட்டு, கொஞ்சம் வினாகிரி விட்டுக் குச்சியால் களி மாதிரிக் குழைக்க வேண்டும். பிறகு சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து, அந்தக் கரைசலைச் சட்டியில் ஊற்றலாம். தூள் பறக்காது, சாயமும் திட்டுத்திட்டாகப் பிடிக்காது. குழைக்கும்போது றப்பர் கையுறை, மாஸ்க், பக்கம் மூடிய கண்ணாடி மூன்றும் வேண்டும். கண்ணில் தெறித்தால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தச் சட்டியும் அகப்பையும் திரும்பக் குசினிக்குள் வரக் கூடாது.

சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? நம் கரையோர ஊர்களில் மண் மணல், கிணறு ஆழமில்லை. வளவில் ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச் சேரும். வாவியிலும் ஊற்ற வேண்டாம், மீனுக்கு இது கொடிய நஞ்சு. ஒரு சட்டிச் சாயத்தில் நிறம் மங்கும்வரை அடுத்தடுத்த பிடிப் பன்னைப் போட்டெடுங்கள். மிச்சத்தில் தும்புத்தூளும் கரித்தூளும் நிறையப் போட்டு இரவு முழுக்க வையுங்கள், நிறத்தில் பெரும்பகுதியை அவை இழுத்துக்கொள்ளும். அந்தத் தூளைத் தோட்டத்துக்குப் பசளையாகப் போடாமல், கட்டிப் பிரதேச சபைக் குப்பையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சாயமிட்ட பன்னைத் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே இழைக்க எடுங்கள். கையில் பச்சை ஒட்டினால் இன்னும் அலச வேண்டும். வாங்குகிறவர் அந்தப் பாயில் குழந்தையைக் கிடத்துவார்.

பெயர் எழுதாத பையை இனி வாங்காதீர்கள். பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பேசிக் கிரீன் 4 (Basic Green 4) என்றோ 42000 என்ற சாய இலக்கமோ இருந்தால் நான் சொன்ன சாயம்தான். கேட்பது உங்கள் உரிமை, கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

கேள்வி: கைத்தறிக்கு நூல் சாயமிடுகிறோம். பச்சை வட் சாயத்துக்கு (தண்ணீரில் நேரே கரையாத சாயம்) கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போடும்போது மூச்சு முட்டுகிறது. சாயத்தின் குணமா?
– நெசவாளர், மருதமுனை

பதில்: தம்பி, அது பெரும்பாலும் ஹைட்ரோஸின் வேலை, அதாவது சாயத்தைக் கரையவைக்கப் போடுகிற சோடியம் ஹைட்ரோசல்பைட் தூளின் வேலை. அதிலிருந்து கந்தக வாயு வருகிறது, தொட்டியில் அமிலம் சேர்ந்தால் இன்னும் அதிகமாக வரும். ஓலைக் கொட்டிலுக்குள் காய்ச்சாமல் இரண்டு பக்கமும் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஹைட்ரோஸ் பேணிக்குள் ஈரக் கரண்டி போகவே கூடாது, கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கோஸ்டிக்கை எப்போதும் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கோஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

கேள்வி: அழகு மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஒரு பச்சை மருந்து விட்டேன், குணமாகிவிட்டது. வீட்டுக் குளத்தில் வளர்க்கிற திலாப்பியாவுக்கும் விடலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: விடவே வேண்டாம். அந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது மேலே சொன்ன அதே மலக்கைட் கிரீன்தான். மீனின் உடம்பில் அது நிறமில்லாத இன்னொரு வடிவமாக மாறிக் கொழுப்பில் நெடுநாள் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, சமைத்தாலும் முழுதாகப் போகாது. சாப்பிடுகிற மீனுக்கு இதைப் பயன்படுத்த ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை. திலாப்பியாவுக்கு நோய் என்றால் கல் உப்புக் கரைசலில் குளிப்பாட்டலாம், அளவை மீன்வளர்ப்பு உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.