நாடு முழுக்க எல்லாருக்கும் அரசே பணம் கட்டும் ஒரே மருத்துவத் திட்டம் தேவையா? கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும் எனக்கு அதனால் என்ன லாபம்?

கம்பெனி இன்சூரன்ஸ் என்று சொல்வதால் நீங்கள் ஐடியிலோ அது மாதிரி ஒரு வேலையிலோ இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வயது முப்பதை ஒட்டி இருக்கும். அந்த அட்டையை இதுவரை எங்கேயும் நீட்ட வேண்டி வந்திருக்காது. என் பதில்: தேவை. உங்களுக்கும் தேவை.

நான் பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பல வருடமாக இருக்கிறேன். பெயர் வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வருபவர்கள், ஸ்ரீராமபுரம், அல்சூர் தமிழர்கள் என்றால் கேட்டிலிருந்தே என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும். நோயாளி அட்மிட் ஆனதும், செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்கும் ப்ரீ-ஆத் ஃபார்ம் அனுப்புவேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்மைப் பார்க்கும் டிபிஏ நிறுவனத்திலிருந்து க்வெரி வரும். 'சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது, முதல் மருந்துச்சீட்டை அனுப்பவும்' என்பார்கள். மூச்சுத் திணறலோடு அப்பாவைக் கூட்டி வந்த பையன், பழைய சீட்டைத் தேடச் சொல்லி ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு போர்ட்டல், ஒரு ரேட், ஒரு விதி. அந்தப் பக்கம் எங்கள் ஃபைலைப் படிப்பதற்கென்றே எம்பிபிஎஸ் படித்த டாக்டர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதில்லை. எங்கள் எல்லாருடைய சம்பளமும் நீங்கள் கட்டும் பிரீமியத்திலிருந்தும் பில்லிலிருந்தும்தான் வருகிறது.

ரூம் ரென்ட் விஷயம் பலருக்குத் தெரியாது. மூன்று லட்சம் பாலிசி, ரூம் வாடகை ஒரு சதவீதம் வரை என்று இருக்கும். அதாவது நாளுக்கு 3,000. வார்டில் பெட் காலி இல்லையென்று 6,000 ரூபாய் ரூமில் போடுவார்கள். கூடுதல் 3,000 மட்டும்தானே என்று வீட்டார் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கடைசி பில்லில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்பட்டிருக்கும். கையுறை, பஞ்சு தனியாகக் கழியும். சாயங்காலம் அந்தப் பேப்பரை நீட்டும்போது, பெண்கள் பேசுவதற்கு முன்னால் கை தன்னால் கழுத்துச் சங்கிலிக்குப் போகும். இதை நான் பார்க்காத வாரம் கிடையாது. வசவு எங்களுக்குத்தான், கும்பிடு டாக்டருக்கு.

வேறு விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ரிசப்ஷன் பெண்கள் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-லேயே கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. இங்கே கேட்டால் 'பேஷன்ட் முன்னால் உட்கார்ந்தால் மரியாதை இல்லை' என்கிறார்கள். நின்று நின்று கால் நரம்பு சுருண்டு அதே ஆஸ்பத்திரியில் காட்டிய பெண்ணும் எங்களோடு இருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் அம்மா. சர்க்கரை, பிரஷர், அப்புறம் இதயம். அப்போது என் சம்பளத்தில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் உண்டு. நெஞ்சுவலி வந்த ராத்திரி இஎஸ்ஐ மூலமாகவே அவர்களோடு ஒப்பந்தம் உள்ள டை-அப் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை எத்தனை வருடமாக என்று எவரும் கேட்கவில்லை, டாக்டரைத் தவிர. அவரும் வைத்தியத்துக்காகக் கேட்டார். நாங்கள் கவுண்டரில் பணம் எடுக்கவே இல்லை. மாதாமாதம் மாத்திரையும் அங்கேதான்.

இஎஸ்ஐக்கு ஊழியர் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். வயது கூடினால் தொகை கூடாது, வியாதி இருந்தாலும் கூடாது. வைத்தியச் செலவுக்கு இத்தனை லட்சம்தான் என்று உச்சவரம்பும் இல்லை. 1952-லிருந்து இந்த நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் வெளியே. 2017-ல் வைத்த வரம்பு அது.

எனக்கு ஒரு ஏப்ரலில் இன்கிரிமென்ட் வந்தது. வரம்பைச் சில நூறு ரூபாய் தாண்டியது. எனக்குச் சம்பளத்தை ஏற்றாதீர்கள் என்று எச்ஆரிடம் போய்க் கேட்டேன். சிஸ்டத்தில் போட்டாகிவிட்டது என்றார்கள். ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்கு டிசம்பர் வரை சலுகை ஓடியது. அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரி எனக்குத் தரும் குரூப் பாலிசியில் பெற்றோர் கிடையாது. தனியாக எடுக்கலாமென்று போனால், ஸ்டென்ட் வைத்தவர் என்று தெரிந்ததும் ஒரு கம்பெனி மறுத்தது. இன்னொரு கம்பெனி, பழைய வியாதிகளுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றது, பிரீமியமோ என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். நல்லது. பாலிசியே தர மாட்டேன் என்பவர்களிடம் வரிச் சலுகையை வைத்து அம்மா என்ன செய்வது?

அரசின் இலவச மருத்துவத் திட்டமான ஆயுஷ்மான் கார்டு இருக்கிறதே என்று எழுத வருவீர்கள். கர்நாடகத்தில் பிபிஎல், அதாவது வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம். எங்களைப் போன்ற, அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள ஏபிஎல் கார்டுக்கு, சிகிச்சைக்கு அரசு வைத்த பேக்கேஜ் தொகையில் 30 சதவீதம், அதுவும் 1.5 லட்சம் வரை. எழுபது வயதானால் மத்திய அரசின் திட்டம் வருமானம் பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறது, அம்மாவுக்கு 61. எல்லாவற்றுக்கும் மேல், இவை அட்மிட் ஆனவர்களுக்கான திட்டங்கள். எங்கள் வீட்டில் பணம் போவது மெடிக்கல் ஷாப்பில்.

'ஒரே திட்டம்' என்று நான் சொல்வது இதைத்தான். பிரீமியத்தை எடுத்துவிட்டு, வரியாகவோ சம்பளத்தில் சதவீதமாகவோ எல்லாரும் ஒரே நிதியில் போட வேண்டும். அந்த நிதி டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் ஒரே ரேட்டில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி அரசுடையதாகவும் இருக்கலாம், தனியாருடையதாகவும் இருக்கலாம். தைவான் 1995-ல் இப்படி ஒரே பொதுக் காப்பீட்டுக்கு வந்தது, அங்கே இன்றும் தனியார் ஆஸ்பத்திரிகள் ஏராளம். தென்கொரியாவில் 350-க்கும் மேல் தனித்தனிக் காப்பீட்டு நிதிகள் இருந்தன, 2000-ல் ஒன்றாக்கினார்கள். கனடாவில் சஸ்காட்செவன் மாகாணம் 1962-ல் ஆரம்பித்தபோது டாக்டர்களே மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டிரைக் செய்தார்கள். திட்டம் நிலைத்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது.

நமக்கும் இது புதிதல்ல. பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று, ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் கமிட்டி 1946-லேயே எழுதிவிட்டது. 2011-ல் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான நிபுணர் குழு, வரிப்பணமே பிரதான ஆதாரமாக இருக்க வேண்டும், அரசு சார்பில் வைத்தியத்தை வாங்கும் வேலையை இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் விடக் கூடாது என்றே பரிந்துரைத்தது.

இலவசம் கேட்கிறாள், கம்யூனிஸ்ட் என்று கமெண்ட் வரும். வரட்டும். நான் வருமான வரி கட்டுகிறவள், அம்மா வாங்கும் சோப்புக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறவள். நான் இலவசம் கேட்கவில்லை, நான் கொடுக்கும் பணம் எங்கே சேர வேண்டும் என்று கேட்கிறேன். கனடாவில் வரிசை நீளம் என்பீர்கள். உண்மைதான், முட்டி ஆபரேஷனுக்கு அங்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களை முன்னே பின்னே வைப்பது வியாதியின் அவசரம். இங்கே வரிசை இல்லாதது போலத் தெரிவதற்குக் காரணம், பணமில்லாதவர்கள் வரிசைக்கே வராமல் வீட்டில் இருப்பதுதான். அரசிடம் பணம் ஏது என்பீர்கள். 2025-க்குள் ஜிடிபியில் 2.5 சதவீதம் வரை சுகாதாரத்துக்கு அரசு செலவு கொண்டுபோவதாக 2017 தேசியக் கொள்கையே சொன்னது. 2021-22 கணக்கில் அது 1.84. அதே கணக்கில், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேராகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. ஆக, பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, அதுவும் வியாதி வந்தவன் தலையில்.

உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டீர்கள். வேலை போகும் நாளில் கம்பெனி இன்சூரன்ஸும் போகும். லே-ஆஃப் ஆன பையன்கள் அட்டையைக் கொண்டு வந்து, அது ஆக்டிவாக இல்லை என்று என் கவுண்டரில் தெரிந்துகொள்கிறார்கள். ஒரே நிதி இருந்தால் ராஜினாமா செய்தாலும், சொந்தமாகத் தொழில் தொடங்கினாலும், ஊரோடு போனாலும் அட்டை மாறாது. அதுவரைக்கும் நாளைக்கே எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: பாலிசியில் பெற்றோர் இருக்கிறார்களா, ரூம் ரென்ட் வரம்பு எவ்வளவு, வேலையை விட்டால் அதே கம்பெனியில் தனிநபர் பாலிசியாக மாற்ற எத்தனை நாள் அவகாசம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொன்னதை கிளெய்ம் சமயத்தில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.