கலியாண வரவேற்பில் இந்தப் பாட்டா?

கேள்வி: தங்கச்சியின் கலியாண வரவேற்பு உப்புவெளியில், கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில். மாப்பிள்ளையின் நண்பர்கள் 'அபா' குழுவின் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஓல்' பாட்டைப் போடச் சொல்கிறார்கள். கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது, ஆனால் இடையில் என்னவோ நெஞ்சை அடைக்கிறது. இது சந்தோஷப் பாட்டா, சோகப் பாட்டா?
வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: சோகப் பாட்டுதான். விட்டுப் போனவனுக்கு முன்னால் நின்று ஒரு பெண் பாடுகிறாள். சீட்டாட்டத்தில் தோற்றவள் போலப் பேசுகிறாள், புதிதாக வந்தவள் தன்னைப் போலவே முத்தமிடுகிறாளா என்று கேட்கிறாள், கடைசியில் உன்னைச் சங்கடப்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள் என்கிறாள். போனவனிடம் இவள் மன்னிப்புக் கேட்கிறாள்! அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் உற்சாகமும் பொய்யில்லை. பாட்டு மேஜர் ஸ்கேலில் இருக்கிறது, நம் சங்கராபரணத்தின் அதே ஏழு சுரங்கள். சோகம் என்பதற்காக, சோகப் பாட்டுகளுக்கு வழக்கமான மைனர் ஸ்கேலுக்குப் போகவில்லை, பியானோ மட்டும் மேலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து நிமிடப் பாட்டில் இரண்டே இரண்டு மெட்டுத் துண்டுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, மனசு ஒரே நினைப்பைச் சுற்றிச் சுற்றி வருமே, அப்படி. மெட்டு மாறாததால் பாரம் முழுக்கக் குரல் மேல் விழுகிறது. பாடகி அக்னெத்தா அடக்கமாகத் தொடங்கி, டிரம்ஸ் சேர்ந்ததும் உரத்து, கடைசிச் சரணத்தில் மறுபடி தணிகிறார். அங்கே வாத்தியத்தைக் கவனிக்காமல் குரலை மட்டும் கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இது 1980இல் வந்த பாட்டு. வரிகளை எழுதிய பியோர்னும் பாடிய அக்னெத்தாவும் கணவன் மனைவியாக இருந்து, 1979 தொடக்கத்தில் பிரிவதாக அறிவித்தவர்கள். இது எங்கள் கதை இல்லை, எங்கள் பிரிவில் வென்றவர் யாரும் இல்லை என்று பியோர்ன் சொல்லியிருக்கிறார். சரி, சம்பவங்கள் கற்பனையாகவே இருக்கட்டும். ஆனால் கைவிடப்பட்டவளின் வார்த்தைகளை எழுதி, பிரிந்த மனைவியிடமே பாடக் கொடுத்திருக்கிறார், அவரும் ஒரு சொல்லைக்கூட மிகைப்படுத்தாமல் பாடியிருக்கிறார். அந்த வலி நிஜம் என்றுதான் நான் நம்புகிறேன்.

அதனால் வரவேற்பில் வேண்டாம். அபாதான் வேண்டுமென்றால் 1975இல் வந்த 'ஐ டூ, ஐ டூ, ஐ டூ, ஐ டூ, ஐ டூ' இருக்கிறது. காதலைச் சொல்லி, உனக்கும் அப்படித்தானே என்று கேட்கிற பாட்டு, சாக்ஸபோன் தூக்கலாக வரும், ஆடவும் நல்லாயிருக்கும்.